தெரிந்தும் எழுத வராத நிரூபணம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ பி.எஸ்சி. கணிதம் படிக்க வரும் பிள்ளைக்கு, பள்ளிவரை கணக்கு என்றால் விடை கண்டுபிடிப்பது. ‘அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா’ பேப்பரில் விடையைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. ‘நிறுவுக’ என்பதுதான் வேலை. நன்றாகப் படிக்கிற பிள்ளையும் அங்கேதான் திணறுகிறது.

ஒரு கேள்வியைப் பாருங்கள். ஒரு குலத்தில் (‘குரூப்’) எந்த உறுப்பை அதனோடே பெருக்கினாலும் சமனி, அதாவது எதோடு பெருக்கினாலும் அதை மாற்றாத உறுப்பு, கிடைக்கிறது. அப்படியானால் அது எபீலியன் குலம், அதாவது பெருக்கும் வரிசையை மாற்றினாலும் பலன் மாறாது என நிறுவுக. வீட்டு விளக்கு சுவிட்சுகள் இப்படித்தான்: இரண்டு தடவை தட்டினால் பழைய நிலை, எதை முதலில் தட்டினாலும் முடிவு ஒன்றே. ஆனால் இது எடுத்துக்காட்டு, நிரூபணம் ஆகாது. சிலர் ‘பம = மப’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். நிறுவ வேண்டியதையே ஆதாரமாக்கினால் எப்படி?

வழி சிறியதுதான். ப, ம குலத்தில் இருந்தால் ‘பம’வும் ஓர் உறுப்பு. அதை அதனோடே பெருக்கினால் பமபம = சமனி. இனி இரு பக்கத்தையும் இடமிருந்து ப-வாலும் வலமிருந்து ம-வாலும் பெருக்குங்கள். இடப்பக்கம் பப, மம இரண்டும் சமனியாகிக் கழிய, மப மிஞ்சுகிறது; வலப்பக்கம் பம. முடிந்தது.

இரு உறுப்புகளைப் பெருக்கினால் வருவதும் குலத்திலேயே இருக்கும் என்ற அடைவுப் பண்பைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவருக்கு, ‘பம’வும் ஓர் உறுப்பு என்பது மட்டும் கண்ணில் படுவதில்லை. இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை அல்ல. அமெரிக்க ஆய்வாளர் கீத் வெபர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு இளநிலை மாணவர்களையும் நான்கு முனைவர் பட்ட மாணவர்களையும் குலக் கோட்பாட்டில் நிரூபணம் எழுதச் சொல்லிக் கவனித்தார். தேவையான உண்மைகள் தெரிந்திருந்தும், எதை எப்போது எடுக்க வேண்டும் என்பது தெரியாமல் இளநிலை மாணவர்கள் பல இடங்களில் நின்றுவிட்டார்கள்.

அந்தத் தெரிவு மனப்பாடத்தில் வராது. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சியில் ஆசிரியர் கேள்விகளாகவே கேட்டுப் போவார். நிரூபணத்தை மாணவர்களே கட்டியெழுப்ப வேண்டும். நம் வகுப்புகளிலோ முடிந்த நிரூபணம்தான் பலகைக்கு வருகிறது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஆசிரியர் தயாரிப்பில்லாமல் ஒரு கணக்கை எடுத்து, பிள்ளைகள் முன்னால் தப்பான வழியில் போய், அழித்து, திரும்பி வரட்டும். விடைத்தாள் ஆங்கிலத்தில் இருந்தாலும், அந்த யோசனை முழுக்கத் தமிழிலேயே நடக்கட்டும்.