‘நைஸ்’ என்றால் முட்டாளா? மாவு மில்லில் கிடைத்த ஆங்கிலப் பாடம்!

“அண்ணாச்சி, புட்டுக்குத் தரிதரியா இருக்கட்டும். இடியாப்பத்துக்கு நைசா அரைச்சுத் தாங்க!”

நாகர்கோவில் பக்கம் மாவு மில்களில் தினமும் கேட்கும் பேச்சு இது. “நைஸ்னா நல்லா இருக்குனு அர்த்தம்மா. மாவுக்கு அப்படிச் சொல்லக் கூடாது” என்று, படித்த தெம்பில் நானும் ஒருமுறை அம்மாவைத் திருத்தினேன். அம்மா அதன்பிறகு மில்லில் அந்த வார்த்தையைச் சொல்லவே தயங்கினார். அகராதியைப் புரட்டியபோதுதான் என் தவறு புரிந்தது.

லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவர். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ‘நைஸ்’ என்றால் முட்டாள்! பிறகு கூச்சமுள்ள, நாசூக்கான, நுணுக்கமான என்று பொருள் மாறிக்கொண்டே வந்தது. ‘இனிமையான’ என்ற பொருள் 18-ம் நூற்றாண்டில்தான் பரவியது.

பழைய பொருளும் முழுசாகப் போய்விடவில்லை. நுட்பமான வேறுபாட்டை இன்றும் ஆங்கிலத்தில் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பார்கள். தமிழிலும் அப்படித்தானே? ‘நுணுக்குதல்’ என்றால் பொடியாக்குவது. நுட்பமான அறிவுக்கும் ‘நுணுக்கம்’ என்றுதான் பெயர். அப்படிப் பார்த்தால், அம்மா சொன்ன ‘நைஸ்’ அகராதிக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

இந்த முறை மில்லுக்கு நானே போனேன். “அண்ணாச்சி, நைசா அரைச்சுத் தாங்க!”