தொழிற்பழகுநர் சட்டம்: மாணவர்கள் கையெழுத்திடும் முன்

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த நம் மாணவர்களில் ஒரு பகுதியினர் கல்லூரிக்குச் செல்வதில்லை. நேராகத் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். "டிரெய்னியாகச் சேர்ந்துவிட்டேன் சார்" என்று நம்மிடம் வந்து மகிழ்ச்சியோடு சொல்கின்றனர். அந்த 'டிரெய்னி' என்ற சொல்லுக்குச் சட்டம் என்ன பொருள் தருகிறது என்பதை நாம் அறிந்திருந்தால், அவர்களுக்குத் தக்க நேரத்தில் வழிகாட்ட முடியும்.

சட்டம் சொல்வது

பணியிடத் திறன் பயிற்சியை நம் நாட்டில் ஒழுங்குபடுத்துவது தொழிற்பழகுநர் சட்டம், 1961. இதில் 2014-ஆம் ஆண்டு முக்கியத் திருத்தங்கள் செய்யப்பட்டன. சேர்வதற்குக் குறைந்தபட்ச வயது 14; அபாயகரமான தொழில்களுக்கு 18. பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

நிறுவனங்களின் கடமை

2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனம் கட்டாயம் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம். அதாவது 200 பேர் உள்ள ஆலையில் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 30 பேர்.

அதே விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 7,000, பட்டயத்துக்கு 8,000, பட்டத்துக்கு 9,000 என நிர்ணயித்தன. இத்தொகை அவ்வப்போது திருத்தப்படக்கூடியது என்பதால், சேரும் காலத்தில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டறிய வேண்டும். இச்செலவில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்பதற்காகத் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. நிறுவனத்துக்குத் தன் இயந்திரத்தில் பழகிய கைகள் கிடைக்கின்றன. மாணவருக்கு உதவித்தொகையுடன் தொழில் கைவருகிறது.

இருபுறமும் வெட்டும் ஒரு வரி

'பழகுநர் பயிற்சி பெறுபவரே. தொழிலாளர் அல்லர்' என்கிறது சட்டத்தின் 18-ஆம் பிரிவு. இதனால் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. போன்றவை அவருக்குப் பொருந்துவதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை.

ஆனால் அதே சட்டம் வேலியும் போட்டிருக்கிறது. பழகுநருக்குப் பீஸ் ரேட் கணக்கில் கூலி தரக் கூடாது. தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றி ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் அமர்த்துவது குற்றம். பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது.

இந்த வேலியை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் கண்டிருக்கிறது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் 'பயிற்சியாளர்'களாகச் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, விடுதியில் தங்கவைத்து, முழுநேர உற்பத்தி வேலை வாங்கியதாகப் பல புகார்கள் எழுந்தன. அங்கே பயிற்சி என்ற பெயர் குறைந்த கூலிக்குத் திரையாயிற்று.

நாம் கேட்கச் சொல்ல வேண்டியவை

உயர்கல்வி வழிகாட்டி வகுப்புகளில் இந்த நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதிப்போடலாம்.

1. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டா? அது அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவாகியுள்ளதா?
2. எந்தத் தொழிற்பிரிவில், எத்தனை மாதப் பயிற்சி?
3. உதவித்தொகை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வருமா?
4. முடிவில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கான தேர்வு எழுத முடியுமா?

நான்காவது கேள்வியே முதன்மையானது. அந்த நிறுவனம் வேலை தராவிட்டாலும், சான்றிதழ் வேறு நிறுவனத்தின் கதவைத் திறக்கும். சான்றிதழும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்றால், அந்த மாணவர் சேர்வது பயிற்சியில் அன்று, பாதுகாப்பில்லாத வேலையில். இந்த வேறுபாட்டை அவர்கள் பள்ளியைவிட்டுப் போகுமுன் சொல்லிவிட வேண்டியது நம் கடமை.