மாரடைப்பும் பதினான்கு மாத்திரைகளும்

லாரியின் டாங்கில் டீசல் நிறைய இருக்கலாம்; எஞ்சினுக்குச் செல்லும் மெல்லிய குழாயில் கசடு அடைத்துக்கொண்டால் வண்டி நின்றுவிடும். நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமது இதயத்தின் நிலையும் இதுவே. அதன் அறைகளில் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருப்பினும், அது இதயத் தசைக்கு நேரே உணவாவதில்லை. மகாதமனியின் தொடக்கத்தில் கிளைக்கும் இரு சிறு தமனிகளே அத்தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்கின்றன.

இத்தமனிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பு படிகிறது. படிவின் மூடுதோல் ஒரு நாள் திடீரெனக் கிழிந்தால், இரத்தத் தட்டுகள் காயத்தை அடைக்க விரைந்து வந்து ஒட்டுகின்றன. கை வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே வேலைதான்! ஆனால் இங்கே உறைகட்டி குழாயையே மூடிவிடுகிறது. அப்பாலுள்ள தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்கும். மடிந்த தசை மீண்டும் வளராது. அவ்விடத்தில் தழும்பே மிஞ்சும்.

ஆகவே நேரம்தான் மருந்து. சேந்தமங்கலத்துக்கு அப்பால் கொல்லிமலை அடிவாரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனையை அடையவே வெகுநேரம் ஆகும். இந்த இடைவெளிக்காகத்தான் தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் வேளை மருந்தாக 14 மாத்திரைகள் வைக்கப்பட்டன: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. முதலிரண்டும் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை இருவேறு வழிகளில் தடுக்கின்றன. மூன்றாவது கொழுப்புப் படிவை நிலைப்படுத்த உதவுகிறது. இவை அடைப்பை முழுதும் கரைத்துவிடா. கட்டி மேலும் பெருகாமல் தடுத்து, பயணத்துக்கு அவகாசம் தருகின்றன. குடற்புண்ணில் இரத்தக்கசிவு உள்ளவருக்கு இவையே கேடாகலாம். எனவே கடையில் வாங்கித் தாமாக விழுங்கலாகாது.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெஞ்சை அழுத்தினால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடிப்பார்கள். ஏப்பம் வந்ததும் சற்று இதமாகத் தோன்றலாம்; அதனால் ஐயம் தீர்ந்துவிடாது. வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை இருந்தால் 108ஐ அழைப்பதே முறை. வலியோடு தாமே வண்டி ஓட்டிச் செல்வது மிகவும் ஆபத்தானது. நீரிழிவு நோயாளிகளுக்கு நரம்பு மரத்திருப்பதால் வலியே இன்றியும் மாரடைப்பு வரக்கூடும்.

முட்டையை விட்டுவிடலாமா என்று நாமக்கல்லில் கேட்காதவர் குறைவு. ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டு. ஆனால் நமது உடலிலுள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உடல்நலமுள்ளவர் நாளுக்கு ஒரு முட்டை உண்பதில் தவறில்லை. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். முட்டையைவிட, அதனுடன் வரும் வனஸ்பதிப் பரோட்டாவும் ஊறுகாய் உப்பும் கவலைக்குரியவை என்பேன். அவற்றினும் கொடியது, இரவு முழுதும் விழித்து ஓட்டும் ஓட்டுநர் பற்றவைக்கும் பீடி. புகையை நிறுத்திய ஓராண்டிலேயே, அதனால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.