சர்க்கரைச் சீட்டைப் படிப்போம்

மும்பை செம்பூரில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 46. இட்லி விற்றுக் குடும்பம் நடத்துகிறார். கொஞ்ச நாளாக அவருக்கு உடம்பு சரியில்லை. தாகம் அடங்குவதில்லை. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது. "எல்லாம் வேலைக் களைப்பு" என்று இருந்துவிட்டார். காலில் ஒரு சின்னப் புண் வந்தது. மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. பயந்துபோய் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போனார்.

ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்களை அக்காவால் படிக்க முடிந்தது. வெறும் வயிற்றில் 212. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 318.

இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது என்பதே இந்தக் கணக்கு. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருப்பது நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய். பொதுவாக இன்னொரு சோதனையும் செய்து டாக்டர் உறுதி செய்வார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் உண்டு. அதன் பெயர் எச்பிஏ1சி. அது 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் சர்க்கரை நோய்தான்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது?

சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாக மாறுகின்றன. அது ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் தசைகள் அதை எடுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும். இன்சுலின் ஒரு சாவி போன்றது. கணையம் என்ற உறுப்பு அதைச் சுரக்கிறது. சாவி போதாமல் போனாலும், பூட்டு சரியாகத் திறக்காமல் போனாலும் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும்.

இது அக்கா ஒருவரின் கதை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது.

சோறா, சப்பாத்தியா?

பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "சோத்தை விட்டுடும்மா. சப்பாத்தி தின்னு. எல்லாம் சரியாப் போயிடும்." அக்கா ராத்திரிக்கு ஆறு சப்பாத்தி தின்றார். சர்க்கரை குறையவில்லை. ஏன்? கோதுமையும் சர்க்கரையாகத்தான் மாறும். எதைத் தின்கிறோம் என்பதோடு எவ்வளவு தின்கிறோம் என்பதும் முக்கியம்.

தட்டில் பாதி காய்கறி, கீரை இருக்கட்டும். கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கு சோறோ சப்பாத்தியோ.

டீயையும் கணக்கிடுங்கள். அக்கா ஒரு நாளைக்கு ஆறு கட்டிங் சாய் குடிப்பார். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. மொத்தம் 12 கரண்டி! வெல்லத்துக்கு மாறினாலும் பயனில்லை. அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

நடப்போம்

நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் வேகமாக நடக்க வேண்டும். கால் புண் ஆறிய பிறகு அக்கா மாலையில் டைமண்ட் கார்டன் பக்கம் நடக்கத் தொடங்கினார். செருப்பில்லாமல் நடப்பதில்லை.

மாத்திரையை நிறுத்தலாமா?

இரண்டு மாதம் கழிந்தது. புதுச் சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. அக்காவின் கணவர் சொன்னார்: "அதான் குறைஞ்சிடுச்சே. இன்னும் எதுக்கு மாத்திரை?"

அக்கா சொன்னார்: "குறைச்சதே மாத்திரையும் பத்தியமும் நடையும்தாங்க. விட்டா மறுபடி ஏறிடும். டாக்டரைக் கேக்காம நிறுத்த மாட்டேன்."

சரியான பதில். பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை விடக்கூடாது. சர்க்கரை ஏறிக் கிடந்தால் வலி தெரியாது. ஆனால் உள்ளே கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு எல்லாம் கெடும். பலர் கால் விரலை இழப்பது இப்படித்தான்.

டாக்டர் இன்சுலின் ஊசி போடச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். 1922-இல் கனடாவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அன்று முதல் அது கோடிக்கணக்கான உயிர்களைக் காத்து வருகிறது.

உடனே செய்ய வேண்டியவை

சில மாத்திரைகளாலும் இன்சுலினாலும் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுங்கும். வியர்க்கும். படபடக்கும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் குடிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

சர்க்கரை 300-க்கு மேல் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

நினைவில் வைப்போம்

பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு. டாக்டரிடம் கேளுங்கள்.

தினமும் பாதத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் சிறுநீரையும் சோதியுங்கள். பீடி, புகையிலையை விடுங்கள்.

அக்கா தன் சீட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் தேதியையும் எண்ணையும் தானே ஒரு நோட்டில் எழுதுகிறார். 212, 156, 118.

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா? அவர்களுடைய சீட்டை எடுங்கள். எண்களைப் படித்துச் சொல்லுங்கள்.