ஒரு சக்கரம் சுத்துது, இன்னொண்ணு ஏன் சும்மா நிக்குது?

மழைக்கு மறுநாள் காய் ஏற்ற வரும் பிக்கப் வண்டி சேற்றில் மாட்டுவது நமக்குப் புதுசில்லை. ஒரு பின்சக்கரம் சகதியில் வெறுமனே சுழலும். கெட்டித் தரையில் இருக்கும் இன்னொன்று அசையாது. "இஞ்சின்ல இழுவை இல்லை" என்போம். குறை இஞ்சினில் இல்லை. பின் அச்சின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் பெட்டிக்குள் உள்ள டிஃபரன்ஷியல்தான் காரணம்.

மாட்டு வண்டியை மாடு இழுக்கிறது. சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன. பிக்கப்பில் இஞ்சின் சக்கரங்களையே சுற்றியாக வேண்டும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடணும். சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் இருந்தால், ஒரு முழு வட்டத்துக்கு வித்தியாசம் சுமார் 8.8 மீட்டர். டிஃபரன்ஷியல் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் தரும். சேற்றுச் சக்கரம் 20 பங்கு தாங்கினால், கெட்டித் தரையில் உள்ளதற்கும் 20தான். மொத்தம் 40. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

இதற்கு வந்த மாற்று, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். சுருக்கமாக எல்எஸ்டி. ஒரு வகையில் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் அவை இறுகி, மற்றதுக்கு அதிக விசையை அனுப்பும். மூன்று மடங்கு வரை அனுப்பும் அமைப்பு என்றால், 20க்கு 60. மொத்தம் 80. வண்டி ஏறிவிடும். சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் இதுவும் திணறும். அப்போது கை பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தால் உதவும். சாதா டிஃபரன்ஷியலில் அது பலிக்காது.

டிராக்டரில் இருப்பது வேறு. காலடியில் உள்ள டிஃபரன்ஷியல் லாக் மிதி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நேராகப் போகும்போது மட்டும் மிதிக்கணும், திரும்புமுன் விட்டுவிடணும். பூட்டியபடி திருப்பினால் டிராக்டர் திரும்ப மறுக்கும், பல்சக்கரமும் உடையலாம்.

பழைய வண்டி வாங்கும்போது எல்எஸ்டி இருக்கிறதா என்று நான் பார்ப்பது இப்படி: முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தணும். இஞ்சின் அணைந்திருக்க, நியூட்ரலில், கை பிரேக்கை விடுவித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றணும். மற்றது எதிர்த் திசையில் சுற்றினால் சாதா டிஃபரன்ஷியல், அல்லது தேய்ந்துபோன எல்எஸ்டி. ஒரே திசையில் சுற்றினால் கிளட்ச் தட்டு எல்எஸ்டி வேலை செய்கிறது. எல்எஸ்டி வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து இஞ்சினைக் கியரில் ஓட்டவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்; அடியில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

கிளட்ச் தட்டு வகைக்கு எல்எஸ்டிக்கென்றே வரும் கியர் ஆயிலை ஊற்றணும். தவறான ஆயில் என்றால் திரும்பும்போது பின்னால் நடுங்கும், தட்டும். இரண்டு பின் டயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானமாக இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. எல்எஸ்டி இருக்கே என்று ஈரக் காட்டுக்குள் சுமையோடு வண்டியை இறக்காதீங்க. வண்டி வெளியே வந்துவிடும். தொழுவுரமும் மூடாக்கும் போட்டு நாம பொலபொலன்னு ஆக்கிய மண், சக்கரத் தடத்தில் இறுகிவிடும். அதை மீட்க வருஷக்கணக்காகும். காயை வரப்புவரை சுமந்து வருவது அதைவிடச் சுலபம்.