கதவுக்குள் ஒரு மெஷின்

நம் நாட்டுச் சாலைகளில் பழைய சரக்கு வண்டிகள் பல ஓடுகின்றன. டாடா 407 வண்டி 1986-ஆம் ஆண்டு வந்தது. டாடா மொபைல் என்ற பிக்கப் வண்டி 1988-ஆம் ஆண்டு வந்தது. இப்படிப்பட்ட வண்டிகளை நம்பிப் பல குடும்பங்கள் பிழைத்தன. இன்றும் பிழைக்கின்றன.

வண்டி வைத்திருப்பவர்கள் எஞ்சினைக் கவனிக்கிறார்கள். டயரைக் கவனிக்கிறார்கள். கதவுக் கண்ணாடியை யார் கவனிக்கிறார்கள்? கண்ணாடி பாதியில் நின்றால் ஒரு மரத்துண்டைச் சொருகுகிறார்கள். அப்படியே மாதக் கணக்கில் ஓட்டுகிறார்கள். இது சரியா?

கண்ணாடி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்?

கண்ணாடி ஏறாவிட்டால் மழை உள்ளே வரும். சீட்டு நனையும். வண்டிக் காகிதங்கள் நனையும். இரவில் வண்டியைப் பூட்டினாலும் பயன் இல்லை. யார் வேண்டுமானாலும் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறக்கலாம்.

கண்ணாடி இறங்காவிட்டால் கேபினில் வெப்பம் தாங்காது. வலது கையை நீட்டிச் சைகை காட்ட முடியாது. வண்டி வெள்ளத்தில் சிக்கினால் ஆபத்து இன்னும் பெரிது. வெளியே இருக்கும் நீர் கதவை அழுத்திப் பிடிக்கும். கதவு திறக்காது. அப்போது தப்பிக்கும் வழி ஜன்னல்தான்.

சில ஓட்டுநர்கள் ஓடும் வண்டியில் ஒரு கையால் கண்ணாடியைத் தூக்குவார்கள். கண் சாலையை விட்டு விலகும். ஒரு நொடி போதும், விபத்து நடந்துவிடும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கருவி கதவுக்குள் இருக்கிறது. கடைக்காரர்கள் இதை விண்டோ மெஷின் என்பார்கள்.

நாம் கைப்பிடியைச் சுற்றுகிறோம். உள்ளே ஒரு சிறிய பல்சக்கரம் சுற்றுகிறது. அது ஒரு பெரிய பல் தகட்டைத் தள்ளுகிறது. அந்தத் தகட்டில் ஒரு நீண்ட இரும்புக் கை இருக்கிறது. கையின் நுனியில் ஓர் உருளை இருக்கிறது. கண்ணாடியின் அடியில் ஒரு தகட்டுப் பள்ளம் உண்டு. உருளை அந்தப் பள்ளத்தில் ஓடும். கை மேலே எழும்போது கண்ணாடியும் மேலே எழும்.

கண்ணாடி கனமானது. அந்தக் கனத்தைத் தாங்க மெஷினில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அதனால்தான் நாம் எளிதாகச் சுற்ற முடிகிறது.

எல்லா வண்டியிலும் மெஷின் ஒரே மாதிரி இருக்காது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும்.

என்ன பழுது என்று கண்டுபிடிப்போம்

கைப்பிடி சும்மா சுற்றுகிறதா? முதலில் கைப்பிடியைச் சோதியுங்கள். அடுத்த கதவின் கைப்பிடியைக் கழற்றி இதில் மாட்டிப் பாருங்கள். கண்ணாடி ஏறினால் மெஷின் நன்றாக இருக்கிறது. கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். செலவு மிகக் குறைவு.

சுற்றும்போது கடகட என்று சத்தம் வருகிறதா? பல் தேய்ந்திருக்கலாம்.

கண்ணாடி ஒரு பக்கம் சாய்கிறதா? உருளை தேய்ந்திருக்கலாம். அல்லது பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கலாம்.

கண்ணாடி தானாகக் கீழே விழுகிறதா? ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். பல் தேய்ந்தாலும் இப்படி ஆகும்.

சுற்றுவது மிகக் கடினமாக இருக்கிறதா? கண்ணாடி ஓடும் ரப்பரில் மண் சேர்ந்திருக்கலாம். மெஷினில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். பலத்தைக் கொடுத்துச் சுற்றாதீர்கள். அப்படிச் சுற்றினால்தான் பல் உடைகிறது.

கடையில் வாங்கும்போது

பழைய மெஷினைக் கழற்றிய பிறகு கடைக்குப் போங்கள். அதைக் கையோடு கொண்டு போங்கள்.

“அண்ணே, டாடா மொபைலுக்கு விண்டோ மெஷின் வேணும்.”

“எந்தப் பக்கம் தம்பி?”

“டிரைவர் பக்கம்.”

“இந்தா, இதுதான்.”

“பழசு கையில இருக்கு அண்ணே. பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கிறேன்.”

இப்படித்தான் கேட்க வேண்டும். இரண்டையும் அருகருகே வையுங்கள். கையின் நீளம் ஒன்றா? போல்ட் துளைகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? உருளை அதே அளவா? பாருங்கள்.

பெட்டியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். எல்.எச். என்றால் இடப்பக்கம். ஆர்.எச். என்றால் வலப்பக்கம். நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். ஒரு பக்கத்து மெஷின் மறுபக்கத்துக்குப் பொருந்தாது. எம்.ஆர்.பி. என்று போட்டிருப்பது அதிகபட்ச விலை. அதில் வரியும் சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். ரசீது கேட்டு வாங்குங்கள்.

எப்படி மாற்றுவது?

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கதவை நன்றாகத் திறந்து வையுங்கள்.

2. கைப்பிடியைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் நடுவில் ஸ்குரு இருக்கும். சிலவற்றில் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை விட்டு இப்படியும் அப்படியும் இழுங்கள். கிளிப் வெளியே வரும். அது தெறித்து ஓடும். கவனம்.

3. கதவின் உள் அட்டையைக் கழற்றுங்கள். அதன் பின்னால் பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழிக்காமல் எடுங்கள்.

4. கண்ணாடியை மேலே ஏற்றுங்கள். ஏறாவிட்டால் ஒருவர் இரண்டு உள்ளங்கைகளாலும் தூக்கட்டும். அகலமான டேப்பைக் கதவுச் சட்டத்தின் மேலாகப் போட்டு இரு பக்கமும் ஒட்டுங்கள். அடியில் மரத்துண்டும் வையுங்கள். சில வண்டிகளில் கண்ணாடி பாதியில் இருந்தால்தான் உருளை துளைக்கு நேராக வரும். அப்போது பாதியில் நிறுத்திக் கட்டுங்கள்.

5. மெஷினின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். உருளையைப் பள்ளத்திலிருந்து நகர்த்தி எடுங்கள். கதவின் பெரிய துளை வழியாக மெஷினை வெளியே எடுங்கள்.

6. புதிய மெஷினின் பல்லிலும் உருளையிலும் கிரீஸ் தடவுங்கள். அதை உள்ளே விட்டு, உருளையைப் பள்ளத்தில் பொருத்துங்கள். போல்ட்டுகளைப் பாதி மட்டும் முடுக்குங்கள்.

7. டேப்பையும் மரத்துண்டையும் எடுங்கள். கண்ணாடியை இரண்டு மூன்று முறை மெல்ல ஏற்றி இறக்குங்கள். நேராக ஓடினால் போல்ட்டுகளை முழுவதும் முடுக்குங்கள்.

8. பிளாஸ்டிக் தாளை மறக்காமல் ஒட்டுங்கள். கதவுக்குள் புகும் மழைநீர் உள் அட்டைக்கு வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். பிறகு அட்டையையும் கைப்பிடியையும் மாட்டுங்கள்.

விரல் பத்திரம்!

மெஷினைக் கண்ணாடியிலிருந்து கழற்றியதும் அதன் கையைத் தடுக்க எதுவும் இல்லை. ஸ்பிரிங்கோ முறுக்கோடு இருக்கும். இரும்புக் கை திடீரென்று அடிக்கும். பல்லுக்கு நடுவே விரல் இருந்தால் நசுங்கிவிடும். ஆகவே பல் பக்கம் விரலை வைக்காதீர்கள். சிறு சக்கரத்தையோ ஸ்பிரிங்கையோ நீங்களே கழற்றாதீர்கள். குழந்தைகள் கையில் பழைய மெஷினை விளையாடக் கொடுக்காதீர்கள்.

கதவின் உள் தகடு கத்தி போல இருக்கும். கனமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி உடைந்துவிட்டால்?

வீட்டு ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போடாதீர்கள். அது விலை குறைவுதான். ஆனால் உடைந்தால் நீண்ட கூரான துண்டுகளாகும். கழுத்தையும் முகத்தையும் கிழிக்கும். வண்டிக் கதவுக்கு உரிய டஃபன்டு கண்ணாடி சிறுசிறு துண்டுகளாக உதிரும். காயம் குறையும். வண்டிக்குப் பாதுகாப்பு வகைக் கண்ணாடிதான் போட வேண்டும். இதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன.

மெஷின் நீண்ட நாள் உழைக்க

ராஜஸ்தானில் மணல் புகும். கொங்கண் கரையில் மழையும் உப்புக் காற்றும் துருவைக் கொண்டுவரும். எந்த ஊரானாலும் வழி ஒன்றுதான். மழைக்காலத்துக்கு முன் ரப்பரில் உள்ள மண்ணைத் துடையுங்கள். கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். நீர் வடிவதற்காக வைத்தவை அவை. ஒரு குச்சியால் அடைப்பை நீக்குங்கள். நீர் தேங்கினால் கதவும் துருப்பிடிக்கும், மெஷினும் துருப்பிடிக்கும்.

இந்த வேலையை நீங்களே செய்யலாம். மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் அருகில் நின்று பாருங்கள். எது தேய்ந்தது என்று கேளுங்கள். பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். விவரம் தெரிந்தவரின் பணம் வீணாகப் போகாது.

பேசிப் பார்ப்போம்

1. கைப்பிடி சும்மா சுற்றினால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?
2. எல்.எச்., ஆர்.எச். என்ற எழுத்துகளுக்கு என்ன பொருள்?
3. கழற்றிய மெஷினின் பல் பக்கம் ஏன் விரலை வைக்கக் கூடாது?
4. உங்கள் ஊரில் ஓடும் பழைய வண்டிகளின் கண்ணாடிகள் சரியாக வேலை செய்கின்றனவா? பார்த்து எழுதுங்கள்.