கணினி குறைத்துக் காட்டிய விசை

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரை ஒட்டிய கடற்கழியில், மலைபோன்ற ஒரு கான்கிரீட் கட்டுமானத்தைச் சோதனைக்காக மெல்ல நீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வட கடலில் எரிவாயு எடுக்கவிருந்த 'ஸ்லைப்னர் ஏ' மேடையின் அடித்தளம் அது. திடீரென உள்ளிருந்து பெரும் உறுமல். கடல்நீர் பீறிட்டு நுழைந்தது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 20 நிமிடத்துக்குள் எல்லாம் மூழ்கிப்போனது. அடித்தரையில் மோதியது, ரிக்டர் அளவில் 3 என நில அதிர்வாகப் பதிவானது. ஆட்கள் தப்பினார்கள். இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

கான்கிரீட் தரமானதுதான். பிழை கணக்கில் இருந்தது.

பெரிய கட்டுமானம் எங்கே வளையும், எங்கே விரியும் என்று பார்க்க, பொறியாளர்கள் அதைக் கணினியில் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து வலைபோலப் பின்னுகிறார்கள். விமான இறக்கைகளின் விறைப்பைக் கணக்கிடும் முயற்சியில் வளர்ந்த இந்த முறைக்கு 1960-ல் 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயரிட்டவர் ரே கிளஃப். வட்டக் கிணற்றின் வாயை நேரான குச்சிகளை அடுக்கிக் காட்டுவது போன்ற வேலை இது. நான்கு குச்சி வைத்தால் சதுரம்தான் வரும். நாற்பது வைத்தால் வட்டத்தை நெருங்கலாம். விசை குவியும் மூலைகளில் வலை நெருக்கமாக இருந்தே ஆக வேண்டும். விரிசலின் முனையிலோ சிக்கல் இன்னும் கூடுதல்: வலையை நெருக்க நெருக்க அங்கே தகைவு, அதாவது ஒரு சதுர அலகில் விழும் விசை, ஏறிக்கொண்டே போகும்; நிலையான விடை வராது. அதனால், விரிசல் நீள எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று பார்க்கிறார்கள். 1921-லேயே கண்ணாடியை வைத்து அந்த வழியைக் காட்டியவர் பொறியாளர் கிரிஃபித்.

ஸ்லைப்னரில் 24 கான்கிரீட் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மூன்று அறைகள் சேருமிடத்தில் முக்கோண இடுக்கு; அதற்குள் கடல்நீர். 65 மீட்டர் நீர் நின்றால் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 65 டன்னுக்கு மேல் அழுத்தும். அந்த இடுக்கில்தான் கணினி வலை நெருக்கமின்றியும் கோணலாகவும் இருந்தது. சுவரை அறுக்கப் பார்க்கும் வெட்டு விசையைக் கணினி 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. அதை நம்பிச் சுவரை மெல்லியதாக்கினார்கள். போதாததற்கு, மூலையில் வைத்த கம்பிகளும் நீளம் குறைவு.

சுவரை இரு முனையும் பிடித்த ஒரு உத்தரமாகப் பாவித்து, ஒரு தாளில் கைக்கணக்குப் போட்டிருந்தாலே சந்தேகம் எழுந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டதுதான் பெரிய தவறு. கணினி முறையின் மேல் பழி போட இடமில்லை: விபத்துக்குப் பிறகு கவனமாக வலை பின்னிக் கணக்கிட்டபோது, அந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

மாற்று அடித்தளத்தை வடிவமைக்கையில், கணினி முடிவுகளுக்குக் காத்திராமல் பழைய கைக்கணக்கு முறையிலேயே தொடங்கினார்கள். 1993-ல் அந்த மேடை எரிவாயு எடுக்கத் தொடங்கியது.